குடும்ப ஜெபம், பிரம்பு, ஞாயிறு டியூஷன்: கிறிஸ்தவப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் வரும். ஒரு வரியில் கேட்பார்கள், ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன். தென் தமிழ்நாட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற சபையினர் தங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

குடும்ப ஜெபம் என்று கூப்பிட்டாலே பிள்ளைகள் சிணுங்குகிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

கூப்பிடுங்கள், உட்கார வையுங்கள். ஆனால் எதற்காகச் சிணுங்குகிறார்கள் என்றும் பாருங்கள். பல வீடுகளில் நடப்பது இதுதான்: மணி ஒன்பதரை ஆகிவிடும். சாப்பிட்டுக் கண் சொக்குகிற நேரம். ஒரு பாட்டு, அதிலும் எல்லாச் சரணமும். விடாமல் தொடர்ந்து வாசிக்கிறோம் என்பதற்காக லேவியராகமத்தில் முழு அதிகாரம் ஒன்று. அப்புறம் அப்பாவின் ஜெபம். சொந்தக்காரர் பெயரெல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் "ஆண்டவரே, கணக்குல இப்படி மார்க் வாங்கியிருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று முடியும்.

ஜெபத்துக்குள் பிள்ளையைத் திட்டுவதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் பிள்ளையால் பதில் பேச முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தன்மேல் சொல்லப்படும் புகாரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கடவுள் எப்போதும் அப்பா கட்சிதான் என்று அந்தச் சின்ன மனதில் பதிந்துவிட்டால், பின்னால் அதைத் துடைப்பது பெரும்பாடு.

நேரத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் போதும். பாட்டைக் கடைக்குட்டி தேர்ந்தெடுக்கட்டும். ஒரே பாட்டையே பத்து நாள் கேட்டாலும் பாடுங்கள். வாசிக்க மாற்கு சுவிசேஷம் நல்ல தொடக்கம். நாலு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம்தான், கதை வேகமாக ஓடும். அதிலும் ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் மட்டும். ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வரி, அன்றைக்கு நடந்ததைப் பற்றி. பையன் "நாளைக்கு மேட்ச்ல ஜெயிக்கணும்" என்று ஜெபித்தால் திருத்தாதீர்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். "நாளைக்கு ஆபீஸ்ல எனக்கு ஒரு கஷ்டமான வேலை இருக்கு, எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அப்பாவுக்கும் பயம் இருக்கிறது, அப்பாவும் கேட்கிறார் என்று அது தெரிந்துகொள்ளும். மறுநாள் சாயங்காலம் "என்னப்பா ஆச்சு?" என்று வந்து நிற்கும்.

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்கு வசனத்தைப் போதிக்கும் வேளைகள் நான்கு சொல்லப்பட்டிருக்கின்றன: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விடும் பதினைந்து நிமிடமும் அந்தக் கணக்கில் வரும். குடும்ப ஜெபம் அன்றைக்கு நடக்காமல் போனால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

குழந்தைக்கு மூன்று வயது. இப்போதே என்ன கற்றுக்கொடுக்க முடியும்?

கற்றுக்கொடுப்பதைவிட ஆசீர்வதிப்பதைத் தொடங்குங்கள். தூங்கப்போகும்போது தலையில் கை வைத்து, எண்ணாகமம் 6-ல் ஆரோன் சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தைச் சொல்லலாம்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர். கர்த்தர் தம்முடைய முகத்தை உன்மேல் பிரகாசிக்கப்பண்ணி, உன்மேல் கிருபையாயிருக்கக்கடவர்." அர்த்தம் இப்போது புரியாது. கையின் சூடும் குரலும் புரியும். இயேசு சிறுபிள்ளைகளிடம் செய்ததும் அதுதான்: அணைத்துக்கொண்டார், கை வைத்தார், ஆசீர்வதித்தார். வசனம் ஒப்பிக்கச் சொல்லவில்லை.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று வேதமே சொல்கிறதே. அடிக்கலாமா?

நீதிமொழிகள் 13:24. இந்த ஒரு வசனம் தெரியாத தகப்பன் கிடையாது. அதே தகப்பன்மார்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுதப்பட்ட இரண்டு வசனங்கள் எத்தனை பேருக்கு மனப்பாடம்? "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியர் 6:4 தொடங்குகிறது. கொலோசெயர் 3:21 காரணத்தையும் சொல்கிறது: பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடிக்கு. அந்தக் காலத்து ரோம வீட்டில் தகப்பனுக்குப் பிள்ளைமேல் இருந்த அதிகாரத்துக்கு எல்லையே இல்லை எனலாம். அப்படிப்பட்ட உலகத்தில் இருந்துகொண்டு, தகப்பனே, நீ உன்னைக் கட்டுப்படுத்து என்று பவுல் எழுதுகிறார்.

என் பதில்: அடிக்க வேண்டாம். நீதிமொழிகள் முழுவதும் தகப்பன் செய்கிற பெரிய வேலை பேசுவதுதான். "என் மகனே, கேள்" என்று மறுபடி மறுபடி பேசிக்கொண்டே இருக்கிறார். பிரம்பைப் பற்றி வருவது சில வசனங்கள். பேச்சு அதிகாரம் அதிகாரமாக வருகிறது. நம் வீடுகளில் இந்த அளவு தலைகீழாக இருக்கிறது. ஆபீசில் வந்த எரிச்சல், மாமியார் சொன்ன சொல், பணக்கஷ்டம், இதெல்லாம் சேர்ந்துதான் பெரும்பாலான அடிகள் விழுகின்றன. அதை வசனத்தால் மூடுவது சரியில்லை. பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனதைப் புண்படுத்தித் தண்டிப்பதையும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்திருக்கிறது. ஆசிரியர் செய்யக்கூடாததை அப்பா செய்யலாம் என்று பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள்?

அதற்காகக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. ஆசாரியனாகிய ஏலி தன் மகன்கள் செய்யும் அக்கிரமம் தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை என்று 1 சாமுவேல் 3-ல் இருக்கிறது. தன் மகன் அதோனியாவைத் தாவீது ராஜா "நீ இப்படிச் செய்வானேன்" என்று ஒருநாளும் கேட்டதில்லை என்று 1 இராஜாக்கள் 1-ல் இருக்கிறது. இரண்டு வீடுகளும் நல்லபடியாக முடியவில்லை. கண்டிக்க வேண்டும். உடைத்ததைச் சரிசெய்ய வைக்கலாம், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வைக்கலாம், யாரிடம் பொய் சொன்னதோ அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வைக்கலாம், கூடவே நீங்களும் போங்கள். உங்கள் கை துடிக்கிற நேரமாக இருந்தால், "அப்பா இப்போ கோபமா இருக்கேன், சாயங்காலம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். சொன்னபடி சாயங்காலம் பேசவும் வேண்டும்.

அடிப்பதில்லை. ஆனால் தப்பு செய்தால் இரண்டு மூன்று நாள் பேசாமல் இருந்துவிடுவேன். அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். பல பிள்ளைகளுக்கு அடியைவிட இதுதான் அதிகம் வலிக்கும்.

வேதத்தில் இதைப் பற்றி ஒரு நீண்ட கதையே இருக்கிறது, 2 சாமுவேல் 13-லிருந்து 18 வரை. தாவீதின் மகள் தாமாருக்கு, வேறொரு மனைவிக்குப் பிறந்த மகன் அம்னோன் கொடுமை செய்தான். தாவீது ராஜாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை. தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் இரண்டு வருஷம் காத்திருந்து அம்னோனைக் கொன்றுவிட்டு கேசூருக்கு ஓடினான். அங்கே மூன்று வருஷம். தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஒரு வழியாகப் பேசி அவனை எருசலேமுக்கு அழைத்துவந்தான். வந்தவனிடம் ராஜா சொன்னது: அவன் தன் வீட்டுக்குப் போகட்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். ஒரே ஊர். இரண்டு வருஷம். மகன் தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. கவனத்தைத் திருப்ப வேறு வழி தெரியாமல் யோவாபின் வாற்கோதுமை வயலுக்குத் தீ வைக்கச் சொன்னான். அதற்குப் பிறகுதான் உள்ளே கூப்பிட்டார்கள். தாவீது முத்தமிட்டார். ஆனால் அதற்குள் அவன் மனது முறிந்துவிட்டது. அடுத்த அதிகாரத்தில் கலகம் தொடங்குகிறது. கடைசியில், அந்தக் கலகத்தில் அவன் செத்த செய்தி கேட்டு, மாடியறையில் "என் மகனாகிய அப்சலோமே" என்று தாவீது அழுத அழுகையை, உயிரோடு இருந்த மகன் ஒருநாளும் கேட்கவில்லை.

இந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய மகன் கதையை, லூக்கா 15-ஐ, பக்கத்தில் வைத்து வாசிக்கிறேன். அங்கே மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். மகன் தயார்செய்து வந்த மன்னிப்புப் பேச்சை முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் கடவுளுடைய முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறார்கள். தப்பு செய்த அன்றைக்கு நம் முகம் எப்படி இருந்தது என்பதைத்தான் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதனால், என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, அன்றைய ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பேசிவிடுங்கள். தலையில் கை வைக்கும் வழக்கத்தை அன்றைக்கும் விடாதீர்கள்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒவ்வொருவரோடும் தனியாக நேரம் செலவழிக்க எங்கே முடிகிறது?

இதற்குப் பதிலாக ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூசன்னா வெஸ்லி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கும் சார்லஸ் வெஸ்லிக்கும் அம்மா. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் குருவானவர் வீடு. பெற்றது 19 பிள்ளைகள், பிழைத்தது 10. கடன், வியாதி, 1709-ல் வீடே எரிந்துபோனது. இப்படிப்பட்ட நிலைமையில் 1712-ல் கணவருக்கு எழுதிய கடிதத்தில், ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுவதாகச் சொல்கிறார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி, வெள்ளி பாட்டி (Patty) என்கிற மகள், சனி சார்லஸ், ஞாயிறு எமிலியும் சூக்கியும். ஜாக்கி என்பதுதான் ஜான் வெஸ்லி, அப்போது எட்டு வயது.

இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் தரங்கம்பாடியிலிருந்து. 1706 ஜூலை 9-ஆம் தேதி சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு மிஷனரிகள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகி, எப்வொர்த் வீட்டுப் படிப்பறைக்கும் போய்ச் சேர்ந்தன. மகள் எமிலி எடுத்துவந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். முன்பின் தெரியாத ஜனங்களுக்காக இவர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்களே, நான் ஏதாவது செய்ய வேண்டாமா என்று சூசன்னாவுக்குத் தோன்றியது. என் சொந்தப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறேன் என்று முடிவுசெய்தார். சோழமண்டலக் கரையில் நடந்த ஊழியம் இங்கிலாந்தில் ஒரு சமையற்கட்டுக்குப் பக்கத்தில் இப்படி முளைத்தது. நமக்குப் பக்கத்து ஊர்க் கதை, நம்மில் பலருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஜான் வெஸ்லி வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலும், அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தில் கொஞ்சத்தை எனக்காக இன்னும் ஒதுக்குங்கள் என்று அம்மாவுக்கு எழுதினார்.

சூசன்னா சொன்ன எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பழக்கினோம் என்று பின்னால் எழுதியிருக்கிறார். அது வேண்டாம். வியாழக்கிழமை வேண்டும். உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் வாரத்தில் ஆளுக்கு ஒரு சாயங்காலம், அரை மணி நேரம் போதும். மொட்டைமாடியோ, கடைத்தெருவுக்கு நடந்துபோய் வருவதோ, எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் மார்க் பேசக்கூடாது. கிழமை மாறக்கூடாது, பிள்ளை அதை எண்ணிக்கொண்டு இருக்கும்.

பத்தாம் வகுப்பு. ஞாயிறு காலையிலும் டியூஷன் வைக்கிறார்கள். ஒரு வருஷம்தானே, ஆலயத்துக்குப் போகாமல் இருந்தால் என்ன?

ஒரு வருஷத்தோடு நிற்பதில்லை. பத்தாவதுக்கு அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, நீட். அதற்குள் ஓய்வுநாள் பள்ளி வயது கடந்துவிடும், கூடப் படித்த பிள்ளைகள் பழக்கம் விட்டுப்போகும், பாடகர் குழுவில் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

முதலில் டியூஷன் ஆசிரியரிடம் நேரத்தை மாற்றிக் கேளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள். முடியாவிட்டால் காலை முதல் ஆராதனைக்கோ சாயங்கால ஆராதனைக்கோ குடும்பமாகவே போங்கள். பிள்ளைக்காகக் குடும்பம் முழுவதும் நேரத்தை மாற்றிக்கொண்டது என்றால் அதற்கு அர்த்தம் புரியும். பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மட்டும் குருவானவரிடம் ஜெபிக்கக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவதைப் பார்க்கிறேன். வருஷம் முழுக்க வராமல் அன்றைக்கு வரும் பிள்ளைக்கு, ஆலயம் மார்க் வாங்க உதவும் இடமாகத்தான் தெரியும். மார்க் குறைந்தால் அப்புறம் அந்த இடமும் வேண்டியதில்லை.

செல்போன்?

சாப்பிடும் இடத்திலும் படுக்கும் இடத்திலும் வேண்டாம், பெரியவர்களுக்கும் சேர்த்து. ஜெப நேரத்தில் வேதத்தைப் போனில் வாசிக்காமல் புத்தகத்தை எடுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது மேலே வாட்ஸ்அப் வந்து விழுவதைப் பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கணவர் துபாயில் வேலை. பிள்ளைகள் அப்பா இல்லாமலே வளர்கிறார்கள்.

பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவை விசுவாசத்தில் வளர்த்தவர்களாகப் பவுல் பெயர் சொல்வது பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும். அப்பா கிரேக்கர் என்பதற்குமேல் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே உங்களால் முடியாது என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

ஆனால் கணவரையும் விட்டுவிட வேண்டாம். வீடியோ காலில் "சாப்பிட்டியா, படிச்சியா" இரண்டு கேள்வியோடு பேச்சு முடிந்துபோகிறது. தூங்கும் முன் ஆசீர்வாதம் சொல்லும் வேலையை அவருக்குக் கொடுங்கள். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்தான், சமாளிக்கலாம். வேலை நேரம் ஒத்துவராத நாளில் குரல் பதிவாக அனுப்பட்டும். லீவில் வரும்போது முதல் வாரமே கண்டிப்பைத் தொடங்காமல் இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்கு அவரோடு பழகிக்கொள்ள நாள் வேண்டும். "அப்பா வரட்டும், சொல்றேன்" என்று நீங்களும் மிரட்டாதீர்கள், வருகிற மனிதர் பாவம்.

"ஆச்சிக்காக எவ்வளவு ஜெபிச்சோம், ஏன் செத்துப்போனாங்க?" என்று மகள் கேட்கிறாள். இப்படியெல்லாம் கேட்பது அவிசுவாசம் இல்லையா?

இல்லை. பிள்ளைகள் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தே வேதம் எழுதப்பட்டிருக்கிறது. பஸ்காவை ஏற்படுத்தும்போது, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று யாத்திராகமம் 12-ல் இருக்கிறது. யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள். எதற்கு? நாளைக்குப் பிள்ளைகள் இந்தக் கற்கள் ஏது என்று கேட்க வேண்டும் என்பதற்காக. "அப்படிக் கேட்கக்கூடாது, பாவம்" என்று வாயை மூடுவது நம் வழக்கம், வேதத்தின் வழக்கம் அல்ல.

ஆச்சியைப் பற்றிய கேள்விக்குச் சுலபமான பதில் சொல்லாதீர்கள். "ஆண்டவருக்கு ஆச்சி தேவைப்பட்டாங்க" என்று சொன்னால், பிள்ளைக்குத் தேவைப்பட்டது ஆண்டவருக்குத் தெரியாதா என்று அடுத்த கேள்வி வரும். "நீ சரியா ஜெபிக்கல" என்று யாராவது சொன்னால் அதை அங்கேயே மறுத்துவிடுங்கள். அது ஒரு குழந்தையின் தலையில் மரணத்தைச் சுமத்துவது. "அம்மாவுக்கும் தெரியலம்மா. எனக்கும் அழுகையா வருது" என்று சொல்லலாம். லாசரு கல்லறை முன்னால் இயேசு அழுதார் என்று சேர்ந்து வாசிக்கலாம். உயிரோடு எழுப்பப்போகிறவர்தான் அழுதார். உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைச் சொல்லுங்கள், அதுதான் நம் விசுவாசம். ஆனால் அழுது முடிப்பதற்குமுன் சொல்லிவிடாதீர்கள். ஆச்சியின் பழைய போட்டோக்களை எடுத்துவைத்து, ஆச்சி எப்படிச் சிரிப்பார்கள், யாரைத் திட்டுவார்கள், எந்த வசனத்தை அடிக்கடி சொல்வார்கள் என்று பேசுங்கள்.

அறிவியல் பாடத்தில் வரும் கேள்விகளும் இப்படித்தான். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர் யாரிடமாவது சேர்ந்து போய்க் கேளுங்கள்.

நாங்கள் சி.எஸ்.ஐ., மனைவி வீட்டார் பெந்தெகொஸ்தே. குழந்தை ஞானஸ்நானமா, நகை போடலாமா என்று எதற்கெடுத்தாலும் வாக்குவாதம்.

வாக்குவாதத்தைப் பிள்ளை முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள். ஞானஸ்நானம் பற்றி இருவரும் தனியாக உட்கார்ந்து, முடிந்தால் இரண்டு போதகர்களிடமும் பேசி, ஒரு முடிவுக்கு வாருங்கள். எந்த முடிவாக இருந்தாலும் இருவருமாகப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். காது குத்துவதைவிட முக்கியமானது, பேத்தி கம்மல் போட்டுக்கொண்டு வந்தாலும் அம்மாச்சி மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்களா, கம்மல் போடாத அம்மாச்சியை அப்பா வீட்டார் கேலி செய்யாமல் இருப்பார்களா என்பது. கைதட்டிப் பாடும் ஆராதனையையும் ஆர்கன் வாசித்துப் பாடும் ஆராதனையையும் சிறுவயதிலேயே இரண்டு கையிலும் வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு இலாபம்தான்.

சாதி பற்றிப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

நீங்கள் ஒன்றும் சொல்லாமலே அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடலாம், "அவங்க நம்ம ஆளுங்களா?" என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் கேட்பது, மாப்பிள்ளை பார்க்கும்போது வேதாகமத்தை மூடி வைத்துவிட்டுப் பேசுகிற பேச்சு, எல்லாம் அவர்கள் காதில் விழுகிறது. சாதி வேறுபாட்டை உடனே, முற்றாகத் திருச்சபை விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டானியேல் வில்சன் 1833-ல் எழுதினார். கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு ஆகிறது, இன்னும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட அது இருக்கிறது.

கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு வீட்டில் அதற்கு எதிராக நடந்தால், பிள்ளை மனப்பாடம் செய்யும் மற்ற வசனங்களையும் நம்பாது. மகனின் நண்பர்கள் வீட்டுக்கு வரட்டும், உங்கள் தட்டில் சாப்பிடட்டும். நீங்களும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். அவன் கல்யாணப் பேச்சு வரும் நாளில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை இப்போதே மனதில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சபை ஆட்களோடு பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? சந்தேகப்படுவது தப்பா?

தப்பில்லை. கேம்ப், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), பாட்டுப் பயிற்சி, கேரல் ரவுண்ட்ஸ் எல்லாவற்றிலும் பிள்ளைகளோடு எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்று சபையில் கேளுங்கள். கேட்கிறவரைக் குறை சொல்பவராக யாராவது பார்த்தால் பார்க்கட்டும். தொட்டால் பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும் பிள்ளையை நம்புங்கள். "சபை பேர் கெட்டுப்போகும்" என்று உள்ளுக்குள்ளே பேசி முடிக்கச் சொல்வார்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம். அந்த எண் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

எல்லாம் சரி, எங்கள் வீட்டில் சிரிப்பே குறைந்துபோய்விட்டது. சந்தோஷத்தை எப்படிக் கொண்டுவருவது?

இதைக் கேட்டதற்கே நன்றி. பக்தியான வீடு என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று எப்படியோ நமக்குள் வந்துவிட்டது. சகரியா 8-ல், ஆண்டவர் எருசலேமைத் திரும்பக் கட்டும்போது அது எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி வருகிறது. கிழவர்களும் கிழவிகளும் கோலை ஊன்றி வீதிகளில் உட்கார்ந்திருப்பார்கள், வீதிகள் நிறைய ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருப்பார்கள். இரட்சிப்பின் அடையாளமாகத் தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைக் காட்டியிருக்கிறார்.

நம்மிடம் இதற்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கிறது. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) காய் நறுக்குகிற ராத்திரி, பெரிய அண்டாவைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுவது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயின் விலையை எங்கோ கொண்டுபோகும் சத்தம். டிசம்பரில் ஸ்டார் கட்டுவது, கேரல் போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வருவது. பிள்ளைகளை இவற்றுக்கு நடுவில் கொண்டுபோய் விடுங்கள், புதுச்சட்டை அழுக்காகும் என்று ஓரத்தில் நிறுத்தாதீர்கள். வீட்டில் சனிக்கிழமை ராத்திரி ஒன்றைக் கேரம் போர்டுக்கோ தாயக்கட்டைக்கோ ஒதுக்கிவையுங்கள். அப்பா தோற்க வேண்டும், நிஜமாகவே தோற்க வேண்டும்.

மகன் சென்னையில் கல்லூரி ஹாஸ்டலில். ஆலயத்துக்குப் போவதே இல்லை. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற வசனம் எங்களுக்கு மட்டும் பொய்யாகிவிட்டதா?

நீதிமொழிகள் 22:6 உலகம் பொதுவாக எப்படி நடக்கிறது என்று சொல்லும் ஞானவாக்கு. பெற்றோருக்கு எழுதிக்கொடுத்த உத்தரவாதம் என்று அதை வாசித்தால், வழிதவறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர்தான் காரணம் என்று ஆகிவிடும். லூக்கா 15-ல் இளைய மகன் போனது தகப்பன் வளர்த்த விதத்தால் என்று இயேசு சொல்லவில்லை. மூத்த மகன் வீட்டிலேயே இருந்தும் தகப்பனைப் புரிந்துகொள்ளவில்லை என்பதையும் பாருங்கள்.

ஒவ்வொரு போனிலும் "சர்ச்சுக்குப் போனியா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். போகவில்லை என்று அவன் சொல்லிவிட்டான். மறுபடி கேட்டால் பொய் சொல்லப் பழகுவான், அல்லது போனை எடுக்கமாட்டான். சாப்பாடு, நண்பர்கள், படிக்கிற பாடம், பார்த்த படம் என்று அவன் பேசுவதைக் கேளுங்கள். அவனுக்காக ஜெபிப்பதை அவன் காதுபட அறிவிக்காமல் செய்யுங்கள். விசுவாசத்தைப் பற்றி அவனே ஒரு கேள்வி கேட்கும் நாள் வந்தால், அது கோபத்தோடு கேட்ட கேள்வியாக இருந்தாலும், உட்கார்ந்து பேசுங்கள். ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ ஊருக்கு வருவான். பஸ் அதிகாலை நாலு மணிக்கு வந்தாலும் ஒருவர் ஸ்டாண்டுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் "நாங்க ஏழரைக்குக் கிளம்புறோம், வர்றதுன்னா வா" என்று ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். வராவிட்டால், திரும்பி வரும்போது அவனுக்குப் பிடித்த கறியை வாங்கிக்கொண்டு வந்து சமையுங்கள்.